ஏழாயிரம் ரூபாய் மைக்ராஸ்கோப்பும் எங்கள் குளத்துச் சேறும்

நான் தேனீ வளர்க்கிறவன். மார்த்தாண்டத்துக்குக் கிழக்கே ரப்பர் விளைகளுக்குள் நாற்பது பெட்டி வைத்திருக்கிறேன். உங்களுக்கு எதற்கு மைக்ராஸ்கோப் என்று வீட்டில் கேட்டார்கள், ஊரில் கேட்டார்கள், விற்ற கடைக்காரரே கேட்டார். வாங்கி இரண்டு வருடம் ஆகிவிட்டது. வாங்கும்முன் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்த விஷயங்களை எழுதி வைக்கிறேன். கம்பெனிப் பெயர் போடவில்லை. அம்பாலாவில் செய்து வரும் மாணவர் மைக்ராஸ்கோப்புகள் பெரும்பாலும் அண்ணன் தம்பிகள்தான், மேலே ஒட்டும் ஸ்டிக்கர்தான் மாறும்.

ஆரம்பம் ஒரு அவமானம். மொத்தத்துக்குத் தேன் எடுக்கும் ஒரு வியாபாரி, ‘உங்க தேன்ல மகரந்தமே காணலியே, சீனிப்பாகு சேர்ந்ததோ?’ என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். எங்கள் பக்கத்துத் தேனில் மகரந்தம் குறைவாகத்தான் இருக்கும். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை. மாசி, பங்குனியில் ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடும்போது, மூன்று சிற்றிலை சேரும் இடத்தில், காம்பின் நுனியில் ஒரு சுரப்பி தேன் கசியும். தேனீ அதைத்தான் உறிஞ்சுகிறது. பூவைத் தொடாத தேனில் மகரந்தம் எங்கிருந்து வரும்? இதை வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள், கண்ணால் காட்ட வேண்டும். அப்படித்தான் வாங்கினேன்.

நாகர்கோவிலில் பள்ளிக்கூடங்களுக்கு ஆய்வகச் சாமான் போடும் ஒரு கடையில் ஏழாயிரத்துச் சொச்சம். ஒற்றைக் கண், 4, 10, 40, 100 என்று நான்கு லென்ஸ், அடியில் எல்இடி விளக்கு. ஸ்லைடை இப்படியும் அப்படியும் நகர்த்தும் இரண்டு திருகு வைத்த மேடை. இந்தத் திருகு மேடைக்காக ஆயிரம் ரூபாய் கூடக் கேட்டார்கள், கொடுத்தேன். இந்த இரண்டு வருடத்தில் நான் செலவழித்த மிகப் புத்திசாலித்தனமான ஆயிரம் ரூபாய் அதுதான். ஒரு ஸ்லைடில் இருநூறு தூளை எண்ணும்போது, வயலில் நாற்று நடுவதுபோல் வரிசை வரிசையாகப் போக வேண்டும். கையால் ஸ்லைடைத் தள்ளினால் எண்ணியதையே எண்ணுவோம்.

பெட்டியின் மேல் ‘1000 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

தேன் விஷயம் ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. தேனை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, ஒரு இரவு தெளியவிட்டு, அடியில் தங்கியதில் ஒரு சொட்டு. தென்னை, தொட்டாச்சிணுங்கி, கொஞ்சம் புளி. குறைவுதான், ஆனால் இருந்தது. வியாபாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒரு கண்ணை மூடி வெகுநேரம் பார்த்துவிட்டு, ‘சரிதான்’ என்றார். விலை ஏற்றவில்லை. அது போகட்டும்.

அப்புறம் வேனலில், குளம் தூர் வாரிய வண்டல் ஒரு டிராக்டர் லோடு வாழைக்கு அடிக்க வந்து இறங்கியது. மண்வெட்டியால் இழுத்துவிடும்போது ஒரு கட்டி உடைந்து உள்ளே கறுப்பாக ஒரு பாளம். அதில் இலை நரம்பு தெரிந்தது. முழு இலை இல்லை, நரம்பு வலை மட்டும், நனைந்த சாயாத்தூள் நிறத்தில். விரலால் தொட்டதும் கலைந்துவிட்டது. மைக்ராஸ்கோப் வீட்டில் சும்மா இருக்கிறதே என்று ஒரு துளி சேற்றைத் தண்ணீரில் கலக்கி வைத்துப் பார்த்தேன். சேறு சேறாகத்தான் தெரிந்தது. பத்து நிமிடம் கழித்து ஓரமாக ஒரு உருண்டை. அதன் பக்கத்தில் மூன்று கோடு சேர்ந்த ஒரு முக்கோணம். பன்னிரண்டாம் வகுப்பு தாவரவியல் எங்கோ மூளையில் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது: பெரணியின் வித்துத்தூள்.

அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். மருமகன் வந்து, ‘மாமா, சேத்துக்குள்ள என்னவாக்கும் தேடுதீங்க?’ என்றான். பதில் சொல்ல எனக்கே ஆறு மாதம் பிடித்தது.

விஷயம் இதுதான். பூக்கள் உதிர்க்கும் மகரந்தத்தின் வெளி ஓடு ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது. உயிர்கள் உண்டாக்கும் பொருட்களில் இதுபோல் அழிவுக்கு அடங்காதது அதிகம் கிடையாது. உள்ளே இருக்கும் உயிர்ப்பொருள் நாலு நாளில் கெட்டுவிடும். ஓடு மட்டும் ஈரமான, காற்றுப் படாத சேற்றில் ஆயிரம், லட்சம், கோடி வருடம்கூடக் கிடக்கும். ஒவ்வொரு செடிக்கும் ஒரு வடிவம். குளத்து அடியில் வருடா வருடம் படியும் சேறு அப்போது கரையில் என்னென்ன பூத்தது என்பதற்குக் கணக்கு எழுதி வைத்துக்கொண்டே போகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த லென்னார்ட் ஃபான் போஸ்ட் என்பவர் 1916-ல் இன்றைய ஆஸ்லோவில் ஒரு கூட்டத்தில், சதுப்பின் ஒவ்வொரு ஆழத்திலும் எந்த மரத்து மகரந்தம் எத்தனை சதவீதம் என்று வரைபடமாகவே போட்டுக் காட்டினார். பழைய காடுகளை, பழைய மழையை எண்ணிக் கண்டுபிடிக்கும் வேலைக்கு அங்கிருந்துதான் வழி பிறந்தது.

டிராக்டரில் வந்த மண் எதற்கும் உதவாது என்பது அடுத்த பாடம். ஜேசிபி மேலது கீழது எல்லாம் கலக்கிக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. பக்கங்களைக் கிழித்துக் குலுக்கிப் போட்ட கணக்குப் புத்தகம்தான் அது. எனவே சித்திரையில் குளம் வற்றியபோது, கரையோரம் என் வாழைக்கு ஒட்டிய இடத்தில் இரண்டு இஞ்ச் பிவிசி குழாய் ஒன்றை மரச்சுத்தியலால் அடித்து இறக்கினேன். மேல் வாயை மூடியால் இறுக்கி அடைத்துத்தான் உருவ வேண்டும், இல்லாவிட்டால் மண் உள்ளே நிற்காமல் வழுகி விழும். தொண்ணூறு சென்டிமீட்டர் இறக்கினேன்; உருவிப் பார்த்தால் உள்ளே எழுபதுதான். அடிக்கும்போது மண் அமுங்கிவிடுகிறது. ஆழக் கணக்கில் அதை மறக்கக்கூடாது.

குழாயை நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்துப் பிளந்தபோது சத்தியமாக மூச்சு நின்றது. மேலே பன்னிரண்டு சென்டிமீட்டர் பழுப்பு, வேரும் பிளாஸ்டிக் துணுக்கும். அதன் கீழ் சாம்பல் நிறம். நாற்பதைத் தாண்டியதும் அந்தக் கறுப்பு, அழுகிய முட்டை வாடையோடு. அடியில் மணல் கலந்த மஞ்சள் களி. ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு இடத்தில் ஐஸ் குச்சியால் சுரண்டி, மாத்திரை டப்பாக்களில் போட்டு எண் எழுதினேன்.

இனி மைக்ராஸ்கோப்புக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கேதான் அது சோதனைக்கு உள்ளானது. கடையில் வெங்காயத் தோலை வைத்துக் காட்டுவார்கள். வெங்காயத் தோல் எந்த லென்ஸிலும் அழகாகத் தெரியும். அதை நம்பி வாங்காதீர்கள். கூடவே தொட்டாச்சிணுங்கிப் பூ ஒன்றைச் சட்டைப் பையில் கொண்டு போங்கள். ஸ்லைடில் தட்டி ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், நான்கு உருண்டைகள் ஒட்டிய சிறு பொதிகள் கொட்டியிருக்கும். ஒரு பொதியே சுமார் பத்து மைக்ரான், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. 40 லென்ஸில் அந்த நாலும் தனித்தனியாக, இடையில் கோடு தெரிந்தால் லென்ஸ் நல்லது. மங்கிய ஒற்றைப் புள்ளியாகத் தெரிந்தால் வேறு பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். என்னுடையதில் தெரிந்தது. ஓரங்களில் லேசாக நீலமும் மஞ்சளும் படர்ந்தது, ஆனால் நடுவில் தெளிவு. இந்த விலைக்கு அது போதும்.

லென்ஸின் பக்கத்தில் ‘40’ என்பதற்கு அடுத்து ‘0.65’ என்று பொறித்திருக்கும். மடங்கை விட முக்கியம் அந்த இரண்டாவது எண்தான். எவ்வளவு நெருங்கிய இரண்டு புள்ளிகளை இரண்டாகவே காட்டும் என்பதை அது சொல்கிறது.

கண் லென்ஸுக்குள் ஒரு அளவுகோல் கண்ணாடி போட்டுக்கொண்டேன், தனியாக ஐந்நூறு ரூபாய். ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் வகுப்புத் தோழன், சனிக்கிழமை மட்டும் என்று சொல்லி, நிஜ மில்லிமீட்டர் பொறித்த ஸ்லைடைக் கொடுத்தான். ஒப்பிட்டதில், 40 லென்ஸில் ஒரு கோட்டுக்கு இரண்டரை மைக்ரான். இது இல்லாமல் மகரந்தம் பார்ப்பது, தராசு இல்லாமல் தேன் விற்பது மாதிரி. புல் மகரந்தம் எல்லாமே ஒரே துளை வைத்த உருண்டைதான். அளவு தெரியாவிட்டால் பேச்சே இல்லை.

சேற்றைத் தயார் செய்வது தனிக்கதை. ஆய்வகங்களில் மணலைக் கரைக்க ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் போடுவார்கள். மற்ற குப்பையை எரிக்க, எர்ட்மான் என்ற இன்னொரு ஸ்வீடன்காரர் கொண்டுவந்த முறைப்படி அசிட்டிக் அன்ஹைட்ரைடும் கந்தக அமிலமும் ஒன்பதுக்கு ஒன்று. இரண்டையும் வீட்டில் நினைத்தும் பார்க்காதீர்கள். முதல் அமிலம் தோல் வழியாக உள்ளே இறங்கி எலும்பு வரை போகும். நான் செய்வது ஏழை வைத்தியம். சேற்றைத் தண்ணீரில் நன்றாகக் குலுக்கி, ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் மிச்சமாகக் கிடந்த நைலான் வலைத்துணியில் வடிப்பேன். வடிந்த தண்ணீரை வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றி, அரிசி அரிப்பதுபோல் வட்டமாகச் சுழற்றுவேன். மணல் நடுவில் குவியும். லேசானது மேலே மிதந்து ஓரத்துக்கு வரும். அந்த ஓரத்துத் தண்ணீரை ஊற்றி எடுத்து இரவு தெளியவிட்டால் அடியில் ஒரு மெல்லிய படலம். அதற்குச் சஃப்ரானின் சாயம் ஒரு துளி. மகரந்த ஓடு சிவப்பைப் பிடித்துக்கொள்ளும், மணல் பிடிக்காது. கிளிசரினும் ஜெலட்டினும் காய்ச்சிய ஜெல்லியில் வைத்து, மூடி கண்ணாடியின் ஓரத்தை நகப்பூச்சால் அடைத்தால் ஸ்லைடு பல மாதம் நிற்கும். மனைவியின் நகப்பூச்சு மூன்று காலியானதும், ‘உங்களுக்குத் தனியா வாங்கிக்குங்க’ என்று உத்தரவு.

ஜெல்லியைத் தடிமனாக ஊற்றிவிட்டால் இந்த மைக்ராஸ்கோப்பில் ஒரு வில்லங்கம் உண்டு. 40 லென்ஸ் ஸ்லைடுக்கு அரை மில்லிமீட்டர் உயரம் வரை இறங்க வேண்டும். அடியில் கிடக்கும் தூளைத் தெளிவாக்கும் முன் லென்ஸ் கண்ணாடியில் முட்டும். நுனியில் ஸ்பிரிங் இருப்பதால் உடையவில்லை, ஆனால் ஒரு நகப்பூச்சுத் தடம் லென்ஸில் ஒட்டிக்கொண்டு ஒரு மாதம் எல்லாமே ரோஸ் நிறமாகத் தெரிந்தது.

மேடைக்கு அடியில் ஒளியைக் குறுக்கும் ஒரு கம்பி இருக்கிறது, கண்ணின் பாவை மாதிரி விரியும் சுருங்கும். பெரும்பாலானவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். முதலில் நானும் தொடவில்லை. கறுப்புப் படிவில் ஒரு நாள் ஒளியைக் குறுக்கியபோது, வெறும் வெளிச்சமாக இருந்த இடத்தில் திடீரென்று கண்ணாடி விசிறிகள் எழுந்து நின்றன. விசிறி என்றால் விசிறிதான்: ஒரு பக்கம் வளைந்த விளிம்பு, மறுபக்கம் கைப்பிடி. நெல் போன்ற புல் இனங்கள் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி இலையின் செல்களுக்குள் வார்த்து வைக்கின்றன. இலை அழுகினாலும் அந்தக் கண்ணாடி வார்ப்பு அழியாது. மகரந்தத்துக்கான ஆய்வக முறையில் இவை கரைந்தே போய்விடும், மணலும் சிலிக்காதானே. என் ஏழை வைத்தியத்தில் தப்பிவிட்டன. என் மைக்ராஸ்கோப்பில் அந்தக் கம்பி ஆரம்பத்தில் இறுக்கமாக, திருப்பும்போது மேடையே ஆடும் அளவுக்கு இருந்தது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டேன். இப்போது சுகம்.

எண்ணினேன். ஆய்வுக்கட்டுரை எழுதும் எண்ணம் இல்லை, எனக்காக. கறுப்பிலும் சாம்பலின் அடியிலும் ஸ்லைடுக்கு முப்பது, நாற்பது விசிறி. மேலே வர வர ஒன்று இரண்டு. அந்தக் குளத்துக்குக் கீழே இருந்த ஏலா, அதாவது வயல்வெளி, எனக்குத் தெரிய முழுதும் நெல். என் அப்பா இரண்டு பூ விளைவித்தார். பின்னால் வாழை வந்தது, ஏத்தனும் மட்டியும். அதற்குப் பின்னால் மண் அடித்து வீடுகள். இதைச் சொல்ல மைக்ராஸ்கோப் வேண்டியதில்லை, ஊர்க்காரர் யாரும் சொல்வார்கள். ஆனால் நமக்குத் தெரிந்த கதையைச் சேறும் அதே வரிசையில் சொல்கிறதா என்று பார்த்த பிறகுதான், நமக்குத் தெரியாத கீழ்ப்பகுதியில் அது சொல்வதை நம்ப மனம் வருகிறது.

மஞ்சள் களியில் ஒன்றுமே இல்லை. முதலில் என் கைவேலையில் தப்பு என்று மூன்று தடவை திரும்பச் செய்தேன். அப்புறம்தான் விளங்கியது: மகரந்த ஓட்டை அமிலம் தொடாது, ஆனால் காற்றும் வெயிலும் பூஞ்சையும் தின்னும். அடிக்கடி வற்றிக் காய்ந்த மண்ணில் அது நிற்காது. அந்தக் களி படிந்த காலத்தில் அந்த இடம் வருடம் முழுதும் ஈரமாக இருந்திருக்காது. ஒன்றும் இல்லாத ஸ்லைடும் ஒரு சேதி.

மறக்க முடியாதது ஆடி மாதம் ஒரு இரவு. கரண்ட் போய், மைக்ராஸ்கோப்பின் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி இரண்டு மணிநேரம் நிற்கிறது, நம் ஊருக்கு அவசியம். வடித்த துணியில் தங்கிய கசடை நான் எப்போதும் கழுவி விடுவேன். அன்றைக்குச் சும்மா அதையும் ஒரு ஸ்லைடில் தடவி 10 லென்ஸில் வைத்தேன். இருபதிலிருந்து இருபத்தைந்து சென்டிமீட்டர் ஆழத்து மண். குப்பைக்கு நடுவே ஒரு பெரிய உருண்டை, மற்ற மகரந்தங்கள் எல்லாம் அதன் பக்கத்தில் நெல் பக்கத்துத் தேங்காய். அளந்தேன்: நூறு மைக்ரானைத் தாண்டியது. 40-க்கு மாற்றினேன். மேற்பரப்பு முழுக்க சின்னச் சின்ன குமிழ்கள் வட்டம் வட்டமாக, முத்துப் பதித்த வளையல்களை நெருக்கி அடுக்கியதுபோல். எங்கோ பார்த்திருக்கிறேன் என்று மனம் அரித்தது. டார்ச் எடுத்துக்கொண்டு மழையில் பின்பக்கம் போய், மரச்சீனிப் பூ (மரவள்ளிக் கிழங்குச் செடிதான்) ஒன்றைப் பறித்து வந்து தட்டினேன். அதே வளையல்.

மரச்சீனி நம் ஊர்ச் செடி இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. திருவிதாங்கூரில் அதைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா என்று சொல்வார்கள். நாம் 1949 வரை அந்தச் சமஸ்தானத்து நிலம்தானே. குளத்துக் கரையில் மரச்சீனி நட்ட பிறகுதான் அந்தப் படிவு விழுந்திருக்க வேண்டும். கொல்லாமரமும், அதாவது முந்திரியும், இப்படித்தான், போர்த்துகீசியர் கொண்டுவந்தது; ரப்பர் இருபதாம் நூற்றாண்டு. தேதி அச்சடிக்காத பக்கங்களில், வெளியூரிலிருந்து வந்த செடி ஒரு முத்திரை மாதிரி. ஆனால் ஒரு எச்சரிக்கை. மரச்சீனி மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, பூச்சிதான் தூக்கிப் போகும். கீழே காணவில்லை என்பதால் கீழே மரச்சீனியே இல்லை என்று அடித்துப் பேச முடியாது. சரியாகத் தேதி வேண்டுமானால் கடந்த நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயத்தை அளக்க வேண்டும், அதற்கு மேல் கார்பன்-14 முறை. அதெல்லாம் என் பையில் இல்லை.

எத்தனை மாதமாக எத்தனை மரச்சீனியைக் கழுவிக் குழியில் விட்டேனோ! வலைத்துணியின் கண் சிறிதாக இருந்தது என் தப்பு. இப்போது கசடையும் பார்க்கிறேன்.

ஊருக்குள் விஷயம் பரவியதும் முதல் கேள்வி, ‘அண்ணே, குமரிக்கண்டத்து மரம் ஏதும் கிட்டிச்சா?’ எங்கள் மாவட்டத்துப் பாறையில் ஃபாசில் தேட வேண்டாம். பொத்தைகளில் (சிறு குன்றுகளில்) இருக்கும் சார்னோகைட் போன்ற பாறைகள் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருமாறியவை; அந்தச் சூட்டில் இலை எங்கே மிஞ்சும்? கல்லான மரம் பார்க்க வேண்டுமானால் விழுப்புரம் பக்கம் திருவக்கரைக்குப் போகலாம். பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீள மரம் ஒன்று அப்படியே கல்லாகக் கிடக்கிறது. 1940-ல் புவியியல் துறையின் எம். எஸ். கிருஷ்ணன் கண்டது. நான் போய் ஓரத்தில் நின்று படம் எடுத்திருக்கிறேன், மரம் படத்துக்குள் அடங்கவில்லை.

கண்டம் மூழ்கியது என்ற கதையை விடுங்கள். நிஜம் அதைவிட ருசி. இருபதாயிரம் வருடத்துக்கு முன் உலகக் கடல் இன்றைக்கு இருப்பதை விட நூற்றிருபது மீட்டர் கீழே. நம் மீன்காரர்கள் போகும் வாட்ஜ் பேங்க் என்ற கடலடி மேட்டின் பெரும்பகுதி அப்போது தரை. கண்டங்கள் ஒட்டியிருந்தது அதற்கும் கோடிக்கணக்கான வருடம் முன்னால். அதற்குச் சாட்சி சொன்னதில் பெரிய ஆள் ஒரு இலை: குளோசோப்டெரிஸ் என்ற, எப்போதோ அழிந்துபோன செடியின் இலை. நம் நாட்டு நிலக்கரிப் படிவுகளில் நாக்கு மாதிரி கிடக்கும் அதே இலை, தென்துருவம் போய்த் திரும்பும் வழியில் 1912-ல் செத்துப்போன ஸ்காட் குழுவின் பனிச்சறுக்கு வண்டியிலும் இருந்தது. உயிர் போகும் நிலையிலும் பதினாறு கிலோ கல்லை அவர்கள் வீசி எறியவில்லை. பிவிசி குழாயைத் தோளில் வைத்து வரப்பில் நடக்கும்போது எனக்கு அந்த ஞாபகம் வரும், கொஞ்சம் வெட்கமும்.

நம் பக்கத்தில் இந்தக் கணக்குக்குப் பேர்போனது நீலகிரி. அங்கே மேட்டுச் சதுப்புகளின் கரிமண்ணில் சுகுமார் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் கார்பனின் இரண்டு வகைகளை அளந்து 1993-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். மரங்கள் ஒரு விதமாகக் கார்பனை எடுக்கின்றன, வெப்ப நாட்டுப் புற்கள் வேறு விதமாக. சோலை கூடினால் மழை கூடிய காலம், புல் கூடினால் வறட்சி. இருபதாயிரம் வருடம் பின்னால் போய் அந்த மழையின் ஏற்ற இறக்கத்தைக் கரிமண் சொல்லிவிட்டது. நான் விசிறி எண்ணுவதும் அதே குடும்பத்து வேலை, கடைசிப் பேரன் மாதிரி.

சரி, குறைகள். 100 லென்ஸ் வெறும் அலங்காரம். வந்தபோதே உள்கண்ணாடியில் கீறல். மாற்றிக் கேட்டதற்குக் கடைக்காரர் மூன்று வாரம் ‘நாளைக்கு வரும் சார்’ என்றார். வந்த மாற்று லென்ஸில் கீறல் இல்லை, தெளிவும் இல்லை. எண்ணெய் சொட்டு வைத்துப் பார்க்க வேண்டிய லென்ஸ் அது. எண்ணெய் துடைக்கும் வேலை தனி. 40-இல் தெரிந்ததைத்தான் அது பெரிதாக மங்கலாகக் காட்டியது. ‘1000 மடங்கு’ என்ற கொட்டை எழுத்தின் கதை இவ்வளவுதான். அந்த லென்ஸ் இல்லாமல் விலையைக் குறைத்து, 40-ஐ இன்னும் நல்லதாகப் போட்டால் மகராசனாக இருப்பார்கள். யாரும் செய்ய மாட்டார்கள். பெட்டியில் எண் சின்னதாகிவிடுமே.

கிரீஸ் கட்டியாவது இன்னொன்று. ஒரு வருடத்தில் நுண் திருகு பாதி சுற்றில் நின்று வழுக ஆரம்பித்தது. பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் துடைத்துப் புதிதாகப் போட்ட பின் சரி.

பெரிய எதிரி நம் ஊர்ச் சீதோஷ்ணம். இடவப்பாதி மழை முடிந்ததும் 40 லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரி வெள்ளைக் கோடு. பூஞ்சை. தேன் பெட்டியில் வந்தால் என்ன செய்வதென்று தெரியும், லென்ஸுக்குள் வந்தால்? பழுது பார்க்க ஒருவரிடம் கொடுத்தேன், பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். கோடு போனது, ஆனால் படத்தின் ஒரு மூலை எப்போதும் கொஞ்சம் கலங்கலாகிவிட்டது. மைக்ராஸ்கோப்போடு வரும் மரப்பெட்டி அழகு, நம் மழைக்கு அது ஒரு பூஞ்சைப் பண்ணை. துணி உறை போதாது.

இப்போது லென்ஸ்களைக் கழற்றி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன். மார்த்தாண்டத்தில் ஒரு செருப்புக்கடைப் பையன் பெட்டிகளில் வரும் பொட்டலங்களைச் சேர்த்துக் கொடுப்பான். பதிலுக்கு வருடம் ஒரு பாட்டில் தேன். மாதம் ஒரு தடவை பொட்டலங்களைக் கடாயில் லேசாகச் சூடாக்கி ஈரம் போக்க வேண்டும். சமையலறைக் கடாயில் செய்யாதீர்கள், நான் பட்ட பாடு போதும்.

வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இரத்த ஸ்லைடு காட்ட நினைப்பவர்கள் இன்னும் கொஞ்சம் சேர்த்து மேல்தரம் போகட்டும். மகரந்தம், பெரணித்தூள், நெல் விசிறி பார்க்கிறவர்களுக்கு 10-ம் 40-ம் நன்றாக இருந்தால் போதும். திருகு மேடையும் பேட்டரியும் கட்டாயம். விலையில் ஆயிரம் குறைத்துக் கேளுங்கள், தருவார்கள். மிச்சத்துக்கு அளவுகோல் கண்ணாடி வாங்குங்கள். வாங்கிய முதல் வாரமே உங்கள் வீட்டைச் சுற்றிப் பூக்கும் எல்லாவற்றிலும் ஒரு ஸ்லைடு செய்து பெயர் எழுதி வையுங்கள். தென்னை ஒற்றைப் பிளவு வைத்த படகு, செம்பருத்தி முள் உருண்டை, கோரைப்புல் ஒரு பக்கம் ஒடுங்கிய பேரிக்காய். சேற்றில் கிடப்பதை அடையாளம் காண இந்தப் பெட்டிதான் அகராதி. என்னிடம் இப்போது நூற்றிருபது ஸ்லைடு இருக்கிறது, கொல்லாம்பூ மட்டும் இன்னும் சரியாக அமையவில்லை. தை மாதம் பூக்கும்போது திரும்ப எடுக்க வேண்டும், அதற்குள் கறுப்புப் படிவில் மீதி டப்பாக்களை எண்ண வேண்டியிருக்கிறது.